லெஸ்லி பாட்டுக்கு ஹார்ட்டு குத்தின கதை

ரூம் இருக்கான்னா கேட்ட? இருக்கும்மா. எந்த ரூம் வேணும்னு கேளு. கீழயா, மாடியா, ஜன்னல் பக்கமா, பாத்ரூம் ஒட்டினதா, எல்லாம் இருக்கு. முதல்ல உட்காரு. காபி குடிக்கிறியா? பால் நிறைய இருக்கு. பதினெட்டு பொண்ணுங்களுக்கு வாங்கிப் பழகிட்டேன், இன்னும் கை தானா ரெண்டு பாக்கெட்டு கூட வாங்கிடுது.

ஏன் ஹாஸ்டல் காலியா கெடக்குன்னு வர்ற வழியில எவனையாச்சும் கேட்டிருப்பியே. அந்த இஸ்திரி வண்டிக்காரனைத்தானே கேட்ட? உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. "கேட் அக்கா வீடா"ன்னு சிரிச்சிருப்பான். என் பேரு ஹெப்சிபா. ஞானஸ்நானத்துல வச்ச பேரு. போன மாசம் வரைக்கும் அயனாவரத்துல எல்லாரும் ஹெப்சிக்கான்னுதான் கூப்பிட்டாங்க. இப்ப கேட் அக்கா. நடந்தது என்னன்னு என் வாயால கேளு, அப்புறம் நீயே நியாயம் சொல்லு.

லெஸ்லியைத் தெரியுமா உனக்கு? தெரியாதா? சரி, உன் வயசு அப்படி. லெஸ்லி பாக்கியநாதன். ராக் பாடகர். அம்பத்தெட்டு வயசாகுது, இன்னும் சித்திரை வெயில்ல தோல் ஜாக்கெட்டுதான். முதுகு பூரா வேர்க்குரு. பேட்டியில அவரே சொல்லியிருக்கார், மேடை ஏறுறதுக்கு முன்னாடி கிதாருக்கு ஸ்ருதி பார்க்குறாரோ இல்லையோ, முதுகுல பவுடர் கொட்டிக்குவாராம். நான் பி.காம் படிக்கிறப்ப எங்க காலேஜ் விழாவுக்குப் பாட வந்தார். மூணாவது பாட்டுல மைக்கைத் தூக்கி அடிச்சு உடைச்சார். பிரின்ஸிபால் மேடம் அங்கயே அபராதம் கட்டச் சொல்லிட்டாங்க. அவர்கிட்ட அவ்ளோ காசு இல்ல. நாங்க பொண்ணுங்க சேர்ந்து துப்பட்டாவை விரிச்சு வசூல் பண்ணிக் கொடுத்தோம். அன்னைலேர்ந்து நான் அவர் ரசிகை.

கல்யாணமா? பண்ணிக்கல. வந்த மாப்பிள்ளைங்கள்ல ஒருத்தன் லெஸ்லி கேசட்டை ஓட விட்டதும் "தலை வலிக்குது, கொஞ்சம் நிறுத்துறீங்களா"ன்னான். நிறுத்தினேன். அவனையும் சேர்த்து நிறுத்தினேன். அப்பா அம்மா போனதுக்கு அப்புறம் இந்த வீட்ல எனக்குத் துணையா இருந்த ஒரே ஆம்பளக் குரல் அதுதாம்மா. சிரிக்காத. உண்மையைச் சொல்றேன்.

அவர் பாடி பதினொரு வருஷம் ஆச்சு. எங்க குரூப்புல நாங்க எல்லாரும் விடாம லெட்டர், மெயில், மெசேஜ்னு போட்டுக்கிட்டே இருந்தோம். லெஸ்லி படைன்னு குரூப்பு. படைன்னா ரொம்பப் பெருசா நினைச்சுக்காத, பதினாலு பேரு, அதுல ரெண்டு நம்பரு ஒரே ஆளோடது. நான் வருஷா வருஷம் அவர் வீட்டுக்கு பிளம் கேக்கு அனுப்புவேன். கடைசில போன டிசம்பர் ஒண்ணாந்தேதி மனுஷன் மனசு இறங்கி ஒரு கிறிஸ்மஸ் பாட்டு விட்டார். "இடமில்ல போ"ன்னு பாட்டு. மரியாளும் யோசேப்பும் பெத்லகேம்ல சத்திரத்துக் கதவைத் தட்டுறாங்கல்ல, அந்தச் சத்திரக்காரன் பாடுற மாதிரி. எல்லாரும் குழந்தையைப் பத்திப் பாடுவாங்க, ஆடு மேய்க்கிறவனைப் பத்திப் பாடுவாங்க. கதவைச் சாத்தினவனைப் பத்தி எவன் பாடினான், சொல்லு.

பாட்டோட ஒரு பேட்டியும் கொடுத்தார். அதான் வினை. "இந்தப் பாட்டு எடுபடலேன்னா இதோட முடிச்சுக்குவேன். மெல்போர்ன்ல மக வீட்டுக்குப் போய்ப் பேரனைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்"ன்னுட்டார். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. எடுபடுறதுன்னா என்ன? ஊர்க்குருவி எஃப்.எம்-ல கிறிஸ்மஸுக்கு டாப் டென் போடுவாங்கல்ல, இருபத்து நாலாந்தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு? அதுல முதல் இடம். வேற என்ன?

பாட்டைக் கேட்டுட்டு நம்ம குரூப்பு ஆளுங்க என்ன சொன்னாங்கன்னு நினைக்கிற? படையாம் படை. தட்சிணாமூர்த்தி சார்னு ஒருத்தர், பேங்க்ல இருந்து ரிட்டயர்டு ஆனவர், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அவர் மட்டும் தேம்பித் தேம்பி அழுது வாய்ஸ் மெசேஜ் போட்டார். "சாமி சரணம் மேடம், அந்தச் சத்திரக்காரன் வேற யாரும் இல்ல, நான்தான் மேடம்"ன்னார். மத்ததுங்க? பிளாரன்ஸ்னு ஒருத்தி, "டிரம்ஸ் எங்க? யாரோ மிக்ஸியில சட்னி அரைக்கிற மாதிரி கேக்குதே, அதுதானா"ன்னு போட்டா. இன்னொருத்தன், "கிறிஸ்மஸும் அதுவுமா 'போ போ'ன்னு பாடுறாரு, இதை ரிங்டோனா வச்சா வீட்டுக்கு வர்ற விருந்தாளி என்ன நினைப்பான்"ன்னு கேட்டான். "டாப் டென் எல்லாம் கனவு, டாப் ஐம்பதுல வந்தா மொட்டை போடுறேன்"ன்னு ஒருத்தன். அவன் தலையில முடியே கிடையாது! மூணு பேரையும் குரூப்பை விட்டுத் தூக்கிட்டேன். எனக்கு எப்படி இருந்துச்சுன்னா கேக்குற? முதல் தடவை கேட்டப்ப எனக்கும் புடிக்கலம்மா. அதை ஏன் வெளிய சொல்லணும்? ரெண்டாவது தடவை கேட்டப்ப அடுப்புல குழம்பு தீஞ்சு போச்சு, அதுகூடத் தெரியாம நின்னுட்டு இருந்தேன்.

முதல் வாரம் எட்டாவது இடம். முதல் இடத்துல யாரு? ஒரு ஏழு வயசுப் பொடுசு. முன்பல்லு ரெண்டும் விழுந்து போச்சு. "பெத்லகேம் பாப்பா, தா தா டாட்டா"ன்னு அது எச்சில் தெறிக்கப் பாடுது, ஊரே கொஞ்சுது. பல்லு முளைச்சா பாட்டு போச்சு. அதுக்குப் போய் முதல் இடம்.

நாங்க சும்மா இருப்போமா? பட ரிலீஸுக்குப் பசங்க கட்டவுட் வச்சுப் பாலாபிஷேகம் பண்றாங்கல்ல, நாங்களும் நம்ம தெருமுனையில லெஸ்லிக்கு ஒரு கட்டவுட் வச்சோம். கிறிஸ்மஸாச்சே, பால் எதுக்கு, கேக்கு கிரீமையே பூசிடலாம்னு நான்தான் ஐடியா கொடுத்தேன். கிரீம்ல முட்டை இருக்குமோன்னு தட்சிணாமூர்த்தி சார் மாலையைப் புடிச்சுக்கிட்டு எதிர் பிளாட்பாரத்துல நின்னு கை தட்டினார். மறுநாள் காலையில போய்ப் பார்த்தா தெருநாய் எல்லாம் வரிசையில நின்னு லெஸ்லி காலை நக்கிட்டு இருக்கு. முகம் பூரா எறும்பு. ஒரு போட்டோ கூட எடுக்க முடியல.

அப்புறம்தான் யோசிச்சேன். இதெல்லாம் வேலைக்கு ஆகாது, ஓட்டுதான் முக்கியம். ஓட்டு எப்படின்னா, அந்த எஃப்.எம்-காரனுக்குப் போன்ல ஒரு ஆப்பு இருக்கு. அதுல பாட்டு கடைசி வரைக்கும் ஓடி முடிஞ்சாத்தான் ஒரு ஹார்ட்டு வரும். அதைக் குத்தணும். ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஹார்ட்டு. சென்னைக்குள்ள இருந்து குத்தினாத்தான் செல்லும், செங்கல்பட்டு தாண்டிட்டா விழாது. என் வீட்ல எத்தனை போனு? பதினெட்டு பொண்ணு, பதினெட்டு போனு! ஆண்டவர் இதுக்குத்தான் என்னை ஹாஸ்டல் வைக்க வச்சார்னு அப்ப தோணுச்சு.

நான் யாரையும் கட்டாயப்படுத்தலம்மா. தினமும் வைஃபை பாஸ்வேர்டை மாத்துவேன், அவ்ளோதான். ஹார்ட்டு குத்தின போனைக் காட்டினா அன்னைக்குப் பாஸ்வேர்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம், ஜெபத்துக்கு முன்னாடி ஹார்ட்டு. எல்லாரும் காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு, தட்டுக்கு முன்னாடி போனை வச்சுக்கிட்டு, நாலு நிமிஷம் அசையாம உட்கார்ந்திருப்பாளுங்க. பார்க்கவே அவ்ளோ அழகா இருக்கும். பாட்டுல அப்படியே கரைஞ்சுட்டாளுங்கன்னு நினைச்சேன். ஒருத்தி மட்டும் "அக்கா, இந்தாள் பாட்டுக்கு பதிலா ரெண்டு வேளை பாத்திரம் கழுவுறேனே"ன்னா. அவளுக்கு இசை ஞானம் கம்மி.

எட்டு அஞ்சாச்சு, அஞ்சு மூணாச்சு. இருபத்து மூணாந்தேதி மூணாவது இடத்துல நிக்குது. இன்னும் ஒரே ஒரு நாள். அன்னைக்குன்னு பார்த்து இதுங்க பெட்டியைக் கட்டுதுங்க! கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகணுமாம். எல்லாரும் செங்கல்பட்டைத் தாண்டிப் போறவளுங்கதான், ஒருத்திக்காச்சும் தாம்பரத்துல வீடு இருக்கக் கூடாதா? சாயங்காலம் எல்லாரும் உள்ள வந்ததும் கேட்டைப் பூட்டிட்டேன். "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தாண்டி. ஹார்ட்டு குத்திட்டு, ரிசல்ட்டைக் கேட்டுட்டு, நானே கேக்கு கட்டிக் கொடுத்து அனுப்புறேன்"னு தன்மையாத்தான் சொன்னேன்.

என்னமா கத்தினாளுங்க! ஒருத்தி போலீஸுக்குப் போன் பண்ணுவேன்னா. "பண்ணுடி, ஸ்டேஷன்ல எத்தனை பேரு இருக்காங்களோ அவங்களையும் குத்தச் சொல்லு"ன்னேன். பெனினான்னு ஒரு பொண்ணு, சாயர்புரத்துக்காரி, நர்ஸிங் படிக்கிறா. சத்தமே போடாத பொண்ணு. அது வந்து என் பக்கத்துல நின்னுச்சு. "எக்கா, எங்கப்பா மஸ்கட்ல இருந்து வந்திருக்காவ. மூணு வருஷம் கழிச்சு வந்திருக்காவ. பத்து நாள்தான் லீவு. என்னை மட்டும் விட்டுருங்கக்கா"ன்னா. நான் என்ன கல்லா? எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அவளை விட்டா எல்லாத்தையும் விடணுமே. "மூணு வருஷம் பொறுத்தவரு ஒரு நாள் பொறுக்க மாட்டாரா? அப்பா எங்கடி ஓடிடப் போறாரு? லெஸ்லி அப்படியா, போனா வருவாரா"ன்னு கேட்டேன். அவ போய் டிக்கெட்டை மறுநாள் சாயங்காலத்துக்கு மாத்திக்கிட்டா. பாரு, எவ்ளோ புரிஞ்சு நடந்துக்குதுன்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில அடுப்படியில பிரட்டு டோஸ்ட் பண்ணிட்டு இருக்கேன். ஊர்க்குருவி ஓடிட்டு இருக்கு, வாழ்த்துச் சொல்ற நேரம். அந்தத் தொகுப்பாளன் சந்துரு, "சொல்லுங்கம்மா, யாருக்கு வாழ்த்து"ங்கிறான். மாடியில ஒரு குரல் கேக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு அதே குரல் ரேடியோவுலயும் கேக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. "அண்ணே, வாழ்த்து இல்லண்ணே, ஒரு உதவி. அயனாவரத்துல எங்க ஹெப்சிக்கா, ஹாஸ்டல் கேட்டைப் பூட்டி வச்சிருக்காவ. லெஸ்லி பாட்டு முதல் இடம் வரணுமாம். எங்கப்பா ஊருக்கு வந்திருக்காவண்ணே. தயவு செஞ்சு எல்லாரும் அந்தப் பாட்டுக்கு ஹார்ட்டு குத்துங்க."

பெனினா! என் கையில இருந்த தோசைத் திருப்பி அப்படியே கீழ விழுந்துடுச்சு. அந்தச் சந்துரு சிரிப்பை அடக்கிக்கிட்டு, "பாட்டு நல்லா இருக்காம்மா"ன்னு கேக்குறான். அதுக்கு அவ சொல்றா: "தெரியாதுண்ணே. நாங்க எல்லாரும் சவுண்டைக் குறைச்சு வச்சுட்டுத்தான் ஓட விடுவோம். நீங்களும் அப்படியே செய்யுங்க, கேக்கணும்னு ஒண்ணுமில்ல."

எனக்கு வந்த கோவத்துக்கு மாடிக்கு நாலு படி நாலு படியா ஏறினேன். அதுக்குள்ள தட்சிணாமூர்த்தி சார்கிட்ட இருந்து போன். "மேடம்! என்ன மூளை மேடம் உங்களுக்கு! ஊரே குத்துது! என் பொண்ணு, மருமகன், சம்பந்தி, அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன், எல்லாரும் குத்திட்டாங்க. எப்படி மேடம் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?" நான் பாதிப் படியில நின்னேன். ஆப்பைத் திறந்து பார்த்தா, ரெண்டாவது இடம்! நானும், "ஆமா சார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்"னேன். பின்ன என்ன, என் ஹாஸ்டல் பொண்ணுதானே? என் வைஃபைதானே?

பத்து மணிக்கெல்லாம் வாசல்ல கூட்டம். பக்கத்துத் தெருப் பொம்பளைங்க, ஆட்டோக்காரங்க, சர்ச்சு வாலிபர் சங்கம், எல்லாரும் கேட்டுக்கு வெளிய நின்னு போனைத் தூக்கிக் காட்டுறாங்க. "குத்திட்டோம், தொறங்க, குத்திட்டோம், தொறங்க"ன்னு ஒரே கத்தல். எங்க சர்ச்சு ஐயரே வந்துட்டார், ஆராதனைக்கு ஆயத்தம் பண்ற வேலையை விட்டுட்டு. "சிஸ்டர், இது நல்லா இல்ல, பிள்ளைங்களை விட்டுடுங்க"ன்னார். "நீங்க குத்திட்டீங்களா ஐயரே"ன்னேன். குத்தியிருந்தார்.

அப்ப தொறந்திருக்கலாமேன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. நீயும் அதைத்தான் கேக்க வர்ற. எப்படிம்மா தொறக்கறது? கேட்டு பூட்டியிருக்குன்னுதானே ஊரு குத்துது! தொறந்தா குத்தறதை நிறுத்திட மாட்டானுங்க? அந்தப் பல்லு விழுந்த பொடுசு மறுபடி மேல வந்துடாதா? இந்தச் சின்னக் கணக்கு கூட யாருக்கும் புரியல. சாவியை ரவிக்கைக்குள்ள போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

அஞ்சு மணி. ரேடியோவை ஜன்னல்ல வச்சு ஃபுல் சவுண்டு. உள்ள பொண்ணுங்க தோள்ல பையோட, வெளிய ஊரு. பத்து, ஒம்பது, எட்டுன்னு வந்து, ரெண்டாவது இடம் பெத்லகேம் பாப்பான்னான் பாரு! நான் குதிச்ச குதியில மூக்குக் கண்ணாடி தெறிச்சுப் போச்சு. முதல் இடம், இடமில்ல போ. பெனினாவைக் கட்டிப் புடிச்சேன். அது மரக்கட்டை மாதிரி நின்னுச்சு. சந்தோஷத்துல அப்படித்தான் சில பேருக்கு ஆகும்.

அப்புறம், லெஸ்லியே லைன்ல வந்தார்.

ரேடியோவுல அவர் மூச்சு விடுற சத்தம் கேட்டதுமே எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. எல்லாருக்கும் நன்றி சொன்னார். மியூசிக் போட்டவங்களுக்குச் சொன்னார். அப்புறம், "அந்த ஹாஸ்டல் நடத்துற அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்"ன்னார். என்கிட்ட! முப்பது வருஷத்துல முதல் தடவையா! கூட்டமே என்னைத் திரும்பிப் பார்க்குது. "அம்மா, அயனாவரத்துல இருந்து வருஷா வருஷம் கேக்கு அனுப்புறது நீங்கதானே? நீங்களாத்தான் இருப்பீங்கன்னு தோணுது. கேக்கு நல்லா இருக்கும்மா. கேட்டைத் தொறந்து விடுங்க. பிள்ளைங்க வீட்டுக்குப் போகட்டும்." அதோட விடல. "நான் பதினொரு வருஷம் முன்னாடியே பாடினது போதும்னுதான் நிறுத்தினேன். நீங்கல்லாம் எழுதி எழுதி மறுபடி கொண்டு வந்து நிறுத்திட்டீங்க. முதல் இடமும் வந்தாச்சு. திருப்தியா மக வீட்டுக்குக் கிளம்புறேன். அந்தப் பிள்ளைங்களோட சேர்த்து என்னையும் வெளிய விட்டுருங்கம்மா."

சந்துரு சிரிச்சான். வெளிய ஊரே சிரிச்சுது. ஜெயிச்சா இருப்பார்னுதானே இவ்ளோவும் பண்ணேன்? தோத்தாலும் போவேன், ஜெயிச்சாலும் போவேன்னா, மனுஷன் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? பொறுக்க முடியலம்மா. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். சாவியை எடுத்தேன். கண்ணாடி இல்லாம பூட்டோட ஓட்டை எங்க இருக்குன்னே தெரியல. பெனினாதான் என் கையிலேர்ந்து வாங்கித் தொறந்தா. "ஹேப்பி கிறிஸ்மஸ்க்கா"ன்னு சொல்லிட்டுத்தான் ஓடினா. நல்ல பொண்ணு.

அவளுக்கு ஆறரை மணி பஸ்ஸு போச்சாம். அடுத்த பஸ்ஸுல படியோரம் உட்கார்ந்தே ஊருக்குப் போயிருக்கா. போய்ச் சேர்றப்ப கிறிஸ்மஸ் ஆராதனை முடிஞ்சு கோயிலையே பூட்டிட்டாங்களாம். அவங்கப்பா மட்டும் புதுச் சட்டையோட கோயில் வாசல்லயே நின்னுட்டு இருந்தாராம். இன்னொரு பொண்ணுதான் போன்ல சொன்னா, ஏதோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி. பார்த்துட்டா இல்ல அப்பாவை? பின்ன என்ன?

லீவு முடிஞ்சு ஒருத்தியும் திரும்பி வரல. அண்ணன்காரன், மாமன்காரன்னு வந்து பெட்டி படுக்கையை எடுத்துட்டுப் போயிட்டானுங்க. போகட்டும். அதுகூட எனக்கு வருத்தமில்ல. ஒரு மாசம், பதினெட்டு பேரு, தினமும் என் கண்ணு முன்னாடி உட்கார்ந்திருந்தாளுங்க. ஒருத்தி, ஒரே ஒருத்தி, ஒரு நாளாச்சும் அந்தச் சவுண்டைக் கொஞ்சம் கூட்டியிருக்கக் கூடாதா? ஊரே குத்துச்சு, முதல் இடம் வந்துச்சு, எவனாச்சும் கேட்டானா? தட்சிணாமூர்த்தி சாரையும் என்னையும் விட்டா அந்தப் பாட்டை இந்த ஊர்ல கேட்ட காது இல்லம்மா.

எழுந்துட்டியா? ரூமைப் பார்க்கவே இல்லையே. பார்க்க வேணாமா? சரி. ஒண்ணும் தப்பில்ல, எல்லாரும் அப்படித்தான் போறாங்க. இரு, இந்தப் போன்ல எங்க இருக்கு அது... ஆங், இந்தா. அந்த நாற்காலியில உட்காரு. சவுண்டை நான் வைக்கிறேன். கேட்டு தொறந்துதான் இருக்கு, போறதுன்னா தாராளமாப் போ. பாட்டு முடிஞ்சதும்.